ஓர் இட்லி குறைவு

காலை ஆறு நாற்பது. அண்டாப் ஹில் ஸ்டேஷன்.
குழல்விளக்கை இன்னும் யாரும் அணைக்கவில்லை.
சங்கரபாண்டி வந்து நிற்கிறார்,
கையில் ஒரு சாம்பார்க் கரண்டி.
மற்றதெல்லாம் போய்விட்டது.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஒதுங்கப் போயிருக்கிறார், இரண்டு நிமிடம்.
திரும்பினால் சுவர் மட்டும் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள்.
தமிழ் தெரியும் என்பதால்
மோஹிதே சாகேப் என்னை நடுவில் உட்காரவைத்தார்.
"ஏட்டம்மா" என்கிறார் சங்கரபாண்டி.
அதற்கு இன்னும் பதினைந்து வருஷம் ஆகும்,
சொல்லவில்லை.

"கிம்மத் கிதீ?" சாகேப் கேட்கிறார்.
என்ன விலை பெறும்?

மரோல் பயிற்சி வகுப்பில், தகரக் கூரை காயும் மதியத்தில்,
பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியபோது
நான் எழுதிவைத்த வரி:
திருட்டுப் பொருள் ஐயாயிரத்துக்குக் கீழே என்றால்
போலீஸ் தானாகத் தேடிப் போக முடியாது.
என்.சி. பதிவேட்டில் ஒரு வரி. மீதியைக் கோர்ட்டு சொல்ல வேண்டும்.
ஐந்து மார்க் கேள்வி. ஐந்தும் எனக்கு.
அன்றைக்கு ஐயாயிரம் என்பது வெறும் எண்.

சைக்கிள்?
"பழசும்மா. இப்ப வித்தா ஆயிரத்தறுநூறு போவும்."
அண்டாவும் வாளியும்?
"எண்ணூறு."
சாகேபின் கை என்.சி. பதிவேட்டை எடுக்கப் போகிறது.
நான் கேட்டேன்: உள்ளே இட்லி இருந்ததா?

அவர் பார்த்த பார்வையில்
பாவம், இந்தப் பிள்ளைக்குப் பசிக்கிறதோ என்று இருந்தது.

"முந்நூறு. சூடா."
ஒன்று பத்து ரூபாய். மூவாயிரம்.
ஐயாயிரத்து நானூறு, சாகேப்.
மோஹிதே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இருபத்தாறு வருஷ சர்வீஸில்
இட்லியை அசையும் சொத்து என்று எழுதியதில்லையாம்.
"அசையும்தானே" என்று தனக்கே சொல்லிக்கொண்டு
தட்டச்ச உட்கார்ந்தார்.

எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.
அதுவும் சட்டம்.
மராத்தியில் இருந்ததைத் தமிழில் வாசித்தேன்.
"முந்நூறுன்னா போட்டிருக்கு?"
முந்நூறு.
"கெளம்பும்போது முந்நூறு தாயி.
வழியில நாப்பத்தொண்ணு வித்துப்போச்சுல்லா.
பொய்யா எழுதக் கூடாது."

இருநூற்று ஐம்பத்தொன்பது.
மனசுக்குள் கூட்டினேன். மறுபடி கூட்டினேன்.
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.

ஓர் இட்லி குறைகிறது.

நாற்பத்தொன்றை நாற்பது என்று மொழிபெயர்க்கலாம்.
அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள்
நான் ஒருத்திதான்.
தின்று தீர்ந்த இட்லியை எந்த நீதிபதி எண்ணப்போகிறார்?
சாகேப் விசைமேல் விரல் வைத்துக் காத்திருந்தார்.
எதிரே கரண்டியோடு ஒரு மனுஷன்,
தன் நஷ்டத்தைத் தானே குறைத்துக்கொண்டவர்.

"எக்கேசாளீஸ்" என்றேன். நாற்பத்தொன்று.
சாகேபும் கூட்டினார். நாற்காலியில் சாய்ந்தார்.
யாரும் பேசவில்லை. மின்விசிறி பேசியது.

வெளியே சாலையில்
வேறொரு இட்லிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.
சங்கரபாண்டி எழுந்தே விட்டார்.
பிறகு உட்கார்ந்தார்.
"என்னுது இல்ல. என்னுது கரகரன்னு இருக்கும்."

ஹாரனும் சைக்கிளோடா போச்சு?
"பின்னே? பித்தளை அண்ணாச்சி, ரப்பர் போன மாசம் போட்டது.
நூத்திருவது."

அண்ணாச்சி என்றது என்னையா ஹாரனையா
இன்றுவரை தெரியாது.

திருத்தினோம். திரும்ப வாசித்தேன்.
நகல் இலவசம் என்றதை நம்பாமல்
சட்டைப்பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவேயில்லை அவர்.
மற்றொரு கையில் கரண்டியும் காகிதமும்.

சைக்கிள் கிடைக்குமா, சொல்ல முடியாது.
இட்லி கிடைக்காது, அது நிச்சயம்.
முதல் தகவல் அறிக்கை, களவுபோன சொத்து விவரம்,
கடைசி வரி:
ரப்பர் ஹாரன், ஒன்று.
அடையாளம்: கரகரப்பு.